மூடுப்படாத பிஸ்ரல்

வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் கிளடிஸைத் 'துவக்கு அன்ரி' என்றுதான் சொல்வார்கள். அவருக்கு முன்னாலேயே சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டு போய்விடுவார். ஐம்பது வயதைத் தாண்டியவர், குள்ளமான உருவம், நடக்கும்போது வலது காலை இலேசாகச் சாய்ப்பார். லிஃப்ற்றில் கண்டால், பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் பிள்ளைகளைப் பார்க்கிற ஆள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் அவருக்கு வேலை காசு லொறியில். வங்கிகளுக்கும் கடைகளுக்கும் காசைக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே சேர்ந்ததை எடுத்து வருகிற கவச வண்டி. இந்த நாட்டில் பொலிஸைத் தவிர இடுப்பில் பிஸ்ரல் என்கிற கைத்துப்பாக்கியோடு பிளாசாக் கடைகளுக்குள் நடக்கிறவர்கள் என்றால் அவர்கள்தான்.

ஆசைப்பட்டுப் போன வேலை என்று சொல்ல முடியாது. மன்னாரிலிருந்து இளம் வயதில் வந்தவர். பேக்கரி ஒன்றில் தட்டுக் கழுவினார். பிறகு பல வருடங்கள் ஒரு தொழிற்சாலையில் மருந்துப் போத்தல் அடைத்தார். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். காவலாளி லைசென்ஸ் எடுத்துக் கொஞ்சக் காலம் மோல் ஒன்றின் வாசலில் நின்றார். அங்கே காசு எடுக்க வருகிற ஒரு பெண், தங்கள் கம்பனியில் ஆள் எடுக்கிறார்கள், யூனியன் வேலை, மருந்துச் செலவும் அவர்களே பார்ப்பார்கள் என்று சொன்னாள். கிளடிஸின் கணவர் கிறிஸ்துநாயகத்துக்கு அப்போதுதான் சீனி வருத்தம் முற்றி, இன்சுலின் ஊசி தொடங்கியிருந்தது.

"துவக்கைப் பிடிக்க உமக்கு ஏலுமே?" என்று கிறிஸ்துநாயகம் கேட்டார்.

"பிடிச்ச ஆக்கள் கனபேரைப் பாத்திருக்கிறன். ஏலாத வேலை மாதிரித் தெரியேல்லை."

பயிற்சிக்குப் போனார், சுட்டார், தேறினார். கிறிஸ்துநாயகம் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் யார் கேட்டாலும் "மனுசி பாங்க்கோட சேர்ந்த வேலை" என்று சொல்லிவைத்தார். பொய் என்று சொல்ல முடியாது.

வண்டியில் எப்போதும் இரண்டு பேர். இரண்டு பேரும் இறங்குவார்கள். ஒருவர் பையைத் தூக்குவார், மற்றவர் நாலாபக்கமும் பார்த்துக்கொண்டு நிற்பார். கிளடிஸுக்கு ஜோடியாகக் கடைசி நாலு வருடம் வந்தவன் ஜூலியன். முப்பத்துச் சொச்சம் வயது, ஊர்காவற்றுறைப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவன், நல்ல தமிழ் பேசுவான். ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியிருந்தான். அவனும் மனைவி ஷாமிலாவும் பூசைக்கு எங்கள் கோயிலுக்குத்தான் வருவார்கள். ஷாமிலாவுக்கு முதல் பிள்ளை கிடைத்தபோது, அவளின் தாய்க்கு விசா கிடைக்காமல் போக, பத்தியச் சோறு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர் கிளடிஸ். ஜூலியன் அவரை அக்கா என்பான். வண்டிக்குள் இருவரும் கதைக்காத விஷயம் இல்லை.

ஒரு நவம்பர் மாதம் ஒஷாவாவில் அது நடந்தது. வங்கிக் கிளை ஒன்றின் பக்கவாசல், பிற்பகல். ஜூலியன் பையோடு வெளியே வந்து வண்டியை நோக்கி நடந்தான். கிளடிஸ் சில அடி பின்னால் நின்றார். தரிப்பிடத்தில் நின்ற ஒரு சாம்பல் நிறக் காரின் கதவு திறந்தது. ஒருவன் இறங்கி நேரே ஜூலியனைப் பார்த்து வந்தான். ஜக்கெற்றுக்குள்ளிருந்து நீளமான ஒன்றை இழுத்துக்கொண்டே வந்தான். துவக்குக் குழாய் வெளியே தெரிந்ததும் கிளடிஸ் பிஸ்ரலை உருவி இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். "ஸ்ரொப்! பின்னால போ!" என்று கத்தினார். ஆங்கிலத்தில் பாதி, தமிழில் பாதி.

அவன் நின்றான். கிளடிஸின் முகத்தைப் பார்க்கவில்லை, பிஸ்ரலின் வாயைத்தான் பார்த்தான் என்று அவர் பிறகு சொன்னார். திரும்பி ஓடிக் காருக்குள் பாய்ந்தான். கார் போய்விட்டது.

இருவரும் சுவரோடு ஒதுங்கி நின்று பொலிஸுக்குச் சொன்னார்கள். கிளடிஸின் கை இன்னும் பிஸ்ரலைத் தாழ்த்திப் பிடித்தபடி இருந்தது. ஜூலியன் அதைப் பார்த்தான். பிறகு இன்னொரு தரம் குனிந்து பார்த்தான்.

"அக்கா, உங்கட பிஸ்ரல் மூடுப்படேல்லை."

கிளடிஸ் பார்த்தார். பிஸ்ரலின் மேல்பாகம் முன்னும் பின்னும் ஓடக்கூடியது. அது முழுதாக முன்னுக்கு வந்து பூட்டினால்தான் வெடிக்கும். அன்றைக்கு அது ஒரு நகத்தின் அகலம் பின்னுக்கு நின்றது. காலையில் ரவை, அதாவது தோட்டா, போட்டபோது சரியாக மூடியிருந்ததைக் கண்ணால் பார்த்தவர். உறையிலிருந்து உருவிய இழுவையில் பின்னுக்குப் போயிருக்கிறது. நல்ல பிஸ்ரல் என்றால் உள்ளே இருக்கிற ஸ்பிறிங் அதே நொடியில் தள்ளி மூடிவிடும்.

"அப்ப நான் அமத்தியிருந்தா?"

ஜூலியன் தலையை ஆட்டினான். "வெடிச்சிருக்காது அக்கா."

கிளடிஸ் உள்ளங்கையால் ஒரு குத்துவிட்டார். கிளிக் என்று மூடியது. உறைக்குள் வைத்தார். பொலிஸ் வண்டிகள் வந்தன. அந்தக் குத்தோடு பழுதின் அடையாளம் போய்விட்டது; இனிச் சாட்சி இரண்டு பேரின் கண் மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு சாமியார் பிரசங்கத்துக்கு நடுவில் கிளடிஸின் பெயரைச் சொன்னார். கைதட்டல் விழுந்தது. இத்தனை வருடம் பாங்க் வேலை என்று மறைத்த கிறிஸ்துநாயகம் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கதையைச் சொன்னார். "அவன் பிஸ்ரலைக் கண்டதும் ஓடினான் பாருங்கோ, ஓட்டம்!" ஷாமிலா எல்லோருக்கும் முன்னால் கிளடிஸைக் கட்டிப்பிடித்து அழுதாள். "நீங்கள் இல்லாட்டி என்ர பிள்ளைக்குத் தகப்பன் இல்லை அக்கா." கிளடிஸுக்கு அந்தப் பிடிக்குள் மூச்சு முட்டியது. தான் நீட்டிப் பிடித்தது வெறும் இரும்புத் துண்டு என்பது அவருக்குத் தெரியும். காரில் வந்தவன் இன்னும் இரண்டு அடி வைத்திருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை அவர் டெரிக்கிடம் போனார். கம்பனியின் ஆயுத அறைக்கும் வருடாந்தச் சூட்டுப் பரீட்சைக்கும் பொறுப்பு அந்த டெரிக். முன்பு இராணுவத்தில் இருந்தவன், மரியாதையாகப் பேசுவான். கேட்டுவிட்டுப் பிஸ்ரலை வாங்கிக்கொண்டு சுடுகூடத்துக்குப் போனான். இரண்டு மகசீன் நிறைய ரவை போட்டுச் சுட்டான். ஒரு தடங்கலும் இல்லை.

"அருமையாக வேலை செய்கிறது," என்றான். "நீங்கள் காலையில் ரவை போடும்போது மேல்பாகத்தைக் கையால் மெல்ல விட்டிருப்பீர்கள். உறுதியாக விடவேண்டும். உங்கள் கையில் பலம் கொஞ்சம் குறைவு. பெண்களுக்கு அது நடக்கிறதுதான்."

கிளடிஸ் மேசையில் இருந்த ரவைப் பெட்டியைப் பார்த்தார். டெரிக் சுட்டது பயிற்சி ரவை. அதன் நுனி உருண்டையாக இருக்கும், வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். வேலைக்குக் கொண்டு போகிற ரவை வேறு. அதன் நுனி குழிந்து தட்டையாக இருக்கும், விலையும் கூட. அதைப் பயிற்சியில் வீணாக்குவதில்லை என்பது கம்பனியின் வழக்கம்.

"நாங்கள் றோட்டுக்குக் கொண்டுபோறது இதில்லையே," என்று தன் ஆங்கிலத்தில் சொன்னார். "அதைப் போட்டு ஒருக்காச் சுட்டுப் பாருங்கோவன்."

"அந்த ரவை றோட்டுக்கு," என்று டெரிக் சிரித்தான். "இரண்டும் ஒரே பிஸ்ரலுக்குச் செய்ததுதான், கிளடிஸ்."

வேறு பிஸ்ரல் தரச் சொல்லிக் கேட்டார். பழுதில்லாத ஒன்றை மாற்ற முடியாது என்றான். கொண்டுபோக விருப்பமில்லை என்றால் வீட்டில் நிற்கலாம், அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது.

அந்தக் குளிர்காலம் முழுதும் அதே பிஸ்ரலோடுதான் போனார். ஒவ்வொரு காலையும் ரவையைப் போட்டு, உள்ளங்கையால் ஒரு குத்து. பிளாசாக்களில் இறங்கும்போது பெருவிரலால் உறைக்கு மேலாகத் தடவி, மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். அப்படிப் பார்க்கிற நேரத்தில் கண் சுற்றுப்புறத்தில் இருக்காது. அதுவும் அவருக்குத் தெரியும். இரவில் நித்திரை குறைந்தது. மகள் கரோலின் தாதிப் படிப்புப் படிக்கிறவள், ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

"அம்மா, why don't you just quit? சீரியஸா. Nobody's forcing you."

"விட்டிட்டு?"

"Anything. வேற ஏதாவது."

"ஐம்பது வயசுக்கு மேல ஆர் என்னை எடுப்பினம், பிள்ளை? அப்பான்ர ஊசி மருந்துக்கு ஆர் குடுக்கிறது?"

கிறிஸ்துநாயகம் சோற்றைப் பிசைந்துகொண்டு சொன்னார்: "அவன் ஓடினவன்தானே. துவக்கு தன்ர வேலையைச் செய்திட்டுது. நீர் ஏன் அதைக் கிண்டிக்கொண்டு நிக்கிறீர்?"

கிளடிஸ் எழுந்து போய்த் தட்டைக் கழுவினார்.

ஜூலியனோடு மட்டும் வண்டிக்குள் அதைப் பற்றிக் கதைத்தார். அவன் கோபப்பட்டான். "உவங்களுக்கு நாங்கள் செத்தாத்தான் விளங்கும் அக்கா. நீங்கள் விடாதேங்கோ. ஆரும் கேட்டா நான் சொல்லுவன், நான் என்ர கண்ணால பாத்தனான்." அந்தச் சொல்லை நம்பித்தான் மார்ச் மாதம் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார் என்று நான் நினைக்கிறேன்.

மார்ச்சில் வருடாந்தச் சூட்டுப் பரீட்சை. தேறினால்தான் துவக்கு வைத்திருக்கிற அனுமதி நீடிக்கும். ஒவ்வொருவருக்கும் டெரிக் பயிற்சி ரவைப் பெட்டியைக் கொடுத்தான். கிளடிஸ் பெட்டியை வாங்கி ஒரு பக்கம் வைத்தார். இடுப்பில் இருந்த மகசீனை, வேலை ரவையோடு, அப்படியே பிஸ்ரலுக்குள் செருகினார். அவரோடு வரிசையில் இன்னும் ஏழெட்டுப் பேர். பக்கத்துத் தடத்தில் ஜூலியன். மணி அடித்தது.

முதல் ரவை வெடித்தது. இரண்டாவது உள்ளே போகும் வழியில் குத்திட்டு நின்றுவிட்டது. மேல்பாகம் பாதியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பயிற்சியில் சொல்லித்தந்தபடி தட்டி, இழுத்து, சிக்கியதை எறிந்துவிட்டு மீண்டும் சுட்டார். அடுத்ததும் அதேபோல. நேரம் முடிந்த மணி அடித்தபோது அவரின் இலக்குக் காகிதத்தில் விழுந்த ஓட்டைகள் தேறுவதற்குப் போதாது. காதுமூடியைக் கழற்றிவிட்டு, பிஸ்ரலை அப்படியே, பிளந்த வாயோடு, எல்லோரும் பார்க்கத் தட்டின்மேல் வைத்தார்.

"இப்ப பாருங்கோ," என்றார்.

டெரிக் வந்து பார்த்தான். தட்டில் கிடந்த ரவைகளையும் பார்த்தான். முகம் சிவந்தது. கிளடிஸ் சொல்வார், அந்த ஒரு நிமிடம் தனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்று. இனி இதை மறைக்க ஏலாது என்று நினைத்தாராம்.

டெரிக் கேட்டது ஒரே கேள்வி. "அனுமதி இல்லாமல் இந்த ரவையைப் பாவிக்க உங்களுக்கு யார் சொன்னது?"

அன்று மாலையே வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். காரணம் இரண்டு. பரீட்சையில் தேறவில்லை. சுடுகூட விதியை மீறியிருக்கிறார்.

விசாரணைக் கூட்டம் ஏப்ரலில் நடந்தது. கம்பனிப் பக்கம் இருவர், யூனியனிலிருந்து ஒரு பெண், கிளடிஸ். யூனியன் பெண் கெட்டிக்காரி. ஒஷாவாவில் ஏற்கெனவே இதே பழுது வந்திருக்கிறது, அதைச் சொல்லியும் கம்பனி கேட்கவில்லை, அந்தப் பயத்தில்தான் இவர் இப்படிச் செய்தார் என்று வாதாடினாள். அதற்குச் சாட்சியாக ஜூலியனைக் கூப்பிட்டார்கள்.

ஜூலியன் சீருடையோடு வந்து கதிரையின் விளிம்பில் இருந்தான். கிளடிஸ் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"அன்று சம்பவத்துக்குப் பிறகு அவருடைய பிஸ்ரலில் ஏதாவது பழுதைக் கண்டாயா?" என்று யூனியன் பெண் கேட்டாள்.

"எல்லாம் விரைவாக நடந்தது," என்றான் ஜூலியன் ஆங்கிலத்தில். "நான் கவனிக்கவில்லை."

யூனியன் பெண் வேறு விதமாகக் கேட்டாள். கிளடிஸிடம் நீ ஏதாவது சொன்னாயா?

"ஞாபகம் இல்லை."

கிளடிஸ் தன் கைகளை மேசையில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஜூலியன் தரிப்பிடத்தில் காத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. போன கிழமை டெரிக் என்னைக் கூப்பிட்டவன். சுப்பவைசர் இடம் ஒண்டு வருதாம், யோசிச்சுக் கதை எண்டவன். எனக்கு வீடு இருக்கு அக்கா. ரெண்டாவது பிள்ளையும் வருது. நான் என்ன செய்ய?"

கிளடிஸ் கார்க் கதவைத் திறந்தார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"அண்டைக்கு அவன் உன்னை நோக்கித்தானே தம்பி வந்தவன்."

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார்.

கோயிலில் கதை பரவியது. எப்படிப் பரவியதோ, கிளடிஸ் அன்ரிக்குக் கை நடுக்கமாம், சோதனையில் பெயிலாம், அதுதான் நிப்பாட்டினவங்களாம் என்றுதான் பரவியது. நவம்பரில் கைதட்டியவர்கள் மே மாதத்தில் "சுகமோ? இப்ப றெஸ்ற் எடுக்கிறியளோ?" என்று கேட்டார்கள். கிறிஸ்துநாயகம் வாசலில் நிற்பதை விட்டுவிட்டார். பூசை முடிந்ததும் நேரே காருக்குப் போய்விடுவார். ஷாமிலா இரண்டு வாங்கு தள்ளி இருந்தாள், பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில்கூடத் திரும்பவில்லை. உண்மை அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. கிளடிஸ் அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் மாதம் ஜூலியன் தொலைபேசி எடுத்தான். கிளடிஸ் எடுக்க விரும்பவில்லை, கரோலின்தான் அவசரத்தில் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

"அக்கா, உங்களுக்குச் சொல்லத்தான் எடுத்தனான். எல்லாற்ற பிஸ்ரலுக்கும் ஸ்பிறிங் மாத்தியிருக்கிறாங்கள். இனி வருசத்துக்கு ஒருக்கா வேலை ரவையும் போட்டுச் சுட்டுப் பாக்கவேணுமாம், புது விதி. டெரிக்தான் கொண்டுவந்தவன் எண்டு கதை. ஆனா உங்களாலதான் அக்கா நடந்தது. எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும்," என்றார் கிளடிஸ். "அதை ஏப்ரல் மாசம் சொல்லியிருக்கலாம்."

அவர் வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் அழுததைக் கரோலின் கண்டிருக்கிறாள். நிறுத்திவைத்த அன்றுகூட அவர் அழவில்லை.

யூனியன் மல்லுக்கட்டி ஓகஸ்டில் ஒரு முடிவு வந்தது. வேலை திரும்பக் கிடைக்கும், ஆனால் புதிதாகச் சேர்கிற ஆள் மாதிரி. பயிற்சியை முதலிலிருந்து செய்யவேண்டும், பழைய சேவைக்காலம் கணக்கில் வராது, நல்ல பாதைகளும் நல்ல நேரங்களும் மற்றவர்கள் எடுத்த பிறகு மிஞ்சுவதுதான். பழுதைப் பற்றி இரு பகுதியும் இனிமேல் பேசுவதில்லை என்று ஒப்புக்கொள்ளவேண்டும். கிளடிஸ் வீட்டு மேசையில் இருந்து கையெழுத்துப் போட்டார். கிறிஸ்துநாயகம் ஊசிப் பேனையை வயிற்றில் குத்திக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

இருபது வயதுப் பெடியன்களோடு திரும்பவும் வகுப்பில் இருந்தார். மேல்பாகம் என்றால் என்ன, ஸ்பிறிங் எங்கே இருக்கிறது என்று டெரிக் படம் போட்டுக் காட்ட, அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் வேலைக்குக் கொண்டுபோகிற ரவையை உங்கள் பிஸ்ரலில் சுட்டுப் பார்க்காமல் அதை ஒருபோதும் நம்பாதீர்கள்," என்று டெரிக் அந்தப் பெடியன்களுக்கு அழுத்திச் சொன்னான். கிளடிஸ் இருந்த பக்கம் அவன் கண் வரவில்லை. புதுப் பிஸ்ரல் கொடுத்தார்கள். வேலை ரவையைப் போட்டுச் சுட்டார். ஒன்றுகூடச் சிக்கவில்லை. எல்லோரையும் விடக் கூடுதலான புள்ளி.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பாதைகளைப் பிரித்துக் கொடுக்கிற அலுவலகப் பெண் கொஞ்சம் தயங்கினாள். உங்களோடு போக யாரும் விரும்பவில்லை, என்றாள். வம்பு பிடிக்கிற ஆள் என்று பேர் வந்துவிட்டது. ஒரே ஒருவர்தான் ஓம் என்று பேர் கொடுத்திருக்கிறார்.

வண்டிக்குப் பக்கத்தில் ஜூலியன் நின்றான். சுப்பவைசர் இடம் அவனுக்குக் கிடைக்கவில்லை, வெளியிலிருந்து வேறொருவனைக் கொண்டுவந்துவிட்டார்கள். கிளடிஸைக் கண்டதும் கதவைத் திறந்து பிடித்தான். அவர் மற்றப் பக்கத்தால் சுற்றிப்போய் ஏறினார்.

முதல் நிறுத்தம் மார்க்கமில் ஒரு பலசரக்குக் கடை. நெடுஞ்சாலையில் அரைவாசித் தூரம் வந்தபின் ஜூலியன் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும்..."

"பை தூக்கிறது நீயா, நானா?" என்று கிளடிஸ் கேட்டார்.

"நான் தூக்கிறன்."

"சரி."

கடைக்குப் பின்னால் வண்டி நின்றது. கிளடிஸ் முதலில் இறங்கி, தரிப்பிடத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்து, நின்ற கார்களுக்குள் ஆள் இருக்கிறதா என்று கவனித்துவிட்டு, கண்ணாடியில் தட்டினார். ஜூலியன் பையோடு இறங்கி நடந்தான். அவனுக்குச் சில அடி பின்னால், கையை உறைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளடிஸ் போனார். சம்பளத்துக்கு அவர் செய்கிற வேலை அது.